ரயில் ஏன் வரவில்லை? பழைய தடங்களும் ‘லைன் பிளாக்’ கணக்கும்

குடியாத்தத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுகிறவர்களில் ஊர் சுற்றப் போகிறவர்கள் குறைவு. கைலி வியாபாரம், பெரியமேட்டில் தோல் வரவு செலவு, கோர்ட்டு வாய்தா, வேலைக்கான நேர்காணல், ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒரு காரியம் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் குறித்திருக்கும். 150 கிலோமீட்டர் தூரத்தை ஏலகிரி எக்ஸ்பிரஸில் கடந்து சென்ட்ரலில் இறங்கிவிட்டால், மீதி ஐந்து பத்து கிலோமீட்டரை மின்சார ரயிலிலோ பறக்கும் ரயிலிலோ போய்விடலாம் என்பதுதான் நம் எல்லோருடைய கணக்கும்.

2023 செப்டம்பரில் என் அத்தையும் அப்படித்தான் கணக்குப் போட்டார். அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் காலை பத்து மணிக்குள் டோக்கன் வாங்க வேண்டும். சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து எனக்குப் போன். “இன்னாம்மா இது, இங்க ரயிலே வராதாமே!”

உண்மைதான். கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டிருந்தது. அறிவிப்பு பேப்பரில் வந்தது, டிவியிலும் சொன்னார்கள். சென்னையிலேயே இருந்த எனக்கு அது நினைவில் இல்லை. அத்தையிடம் முன்கூட்டிச் சொல்லாதது என் தப்பு. ஆட்டோ பிடித்து சிந்தாதிரிப்பேட்டை போய் அங்கிருந்து ரயில் ஏறினார். போய்ச் சேர்வதற்குள் டோக்கன் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு மறுபடி போகவேண்டியதாயிற்று.

“நல்லா ஓடிக்கினு இருந்த ரயிலை ஏன் நிறுத்தணும்?” என்று அத்தை கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேட்டு, படித்து, தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பிட்ட நிறுத்தத்துக்குக் காரணம், கடற்கரை – எழும்பூர் இடையே நான்காவது தடம் அமைக்கும் பணி. சுற்றிலும் ஊர் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடம். பறக்கும் ரயில் ஓடிய இடத்தையும் எடுத்துக்கொண்டால்தான் வேலை நடக்கும். ஏழு மாதம் என்று சொல்லப்பட்டது, பதினான்கு மாதம் ஆனது. 2024 அக்டோபர் 29 அன்று ரயில் மறுபடி கடற்கரை வரை ஓடத் தொடங்கியது. இது புதுத் தடம் போடுகிற வேலை. ஆனால் பழைய தடத்தைப் பழுது பார்ப்பதற்கும் இதே சிக்கல்தான். ரோட்டில் குழி விழுந்தால் பாதி ரோட்டை அடைத்துவிட்டு மீதியில் வண்டி விடலாம். தண்டவாளத்தில் பாதி கிடையாது. கை வைக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

நம் ரயிலுக்கு என்ன வயது?

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு நம் பக்கத்து வாலாஜா ரோடு வரை வந்தது. அடுத்த சில வருடங்களில் அதே பாதை குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்குக் கடற்கரை வரை நீண்டது. அதாவது, இன்றைக்கு நாம் ஏறுகிற பாதை இந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று.

சென்னைக்குள் மின்சார ரயில் வந்தது 1931 மே மாதம், கடற்கரை – தாம்பரம் இடையே. அப்போது அது மீட்டர் கேஜ், நேர்மின்சாரத்தில் ஓடியது. 1960களின் இறுதியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004இல் விடைபெற்று, முழுவதும் அகலப்பாதை ஆனது. பறக்கும் ரயில் நமக்கு இன்னும் புதுசு மாதிரிதான் தோன்றும். ஆனால் கடற்கரை – சேப்பாக்கம் பகுதி திறந்தது 1995 நவம்பரில். 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று நீண்டது. முதல் பகுதிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மின்சார ரயில் பெட்டி ஒன்றுக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் கணக்கு 25 வருடம்.

வயதானது என்பதாலேயே ஒரு பாதை ஆபத்தானதாகிவிடாது. குடியாத்தத்துக்காரர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். தாத்தா காலத்துக் குழித்தறியில் இன்றைக்கும் கைலி நெய்கிற வீடுகள் உண்டு. தறி அதேதான். ஆனால் அச்சு மாற்றியிருப்பார்கள், விழுது மாற்றியிருப்பார்கள், நாடா எத்தனையோ தடவை மாறியிருக்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி. ‘இன்னும் பத்து கெஜம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஓட்டினால் துணி முழுக்க வீணாகும். ரயில் தடமும் இப்படி உறுப்பு உறுப்பாக மாற்றி மாற்றி ஓட்டப்படுகிற ஒன்று. 1931இல் போட்ட தண்டவாளம் எதுவும் இன்று தாம்பரம் பாதையில் கிடையாது. பாதையின் வயதைவிட, எந்த உறுப்பு எப்போது மாற்றப்பட்டது, எது மாற்றாமல் தள்ளிப்போடப்பட்டது என்பதுதான் முக்கியம்.

எது பழுதாகிறது?

முதலில் தண்டவாளம். முன்பெல்லாம் துண்டு துண்டாக இணைத்திருந்தார்கள், நடுவே இடைவெளி இருக்கும், அதனால்தான் அந்தக் ‘கடகட’ சத்தம். இப்போது கிலோமீட்டர் கணக்கில் நீளமாக வெல்டிங் செய்து விடுகிறார்கள். பயணம் சொகுசு, தேய்மானம் குறைவு. ஆனால் இரும்பு சூட்டில் நீளுமே? வேலூர் மாவட்ட வெயில் நமக்குத் தெரியும். மே மாத மதியத்தில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட இன்னும் அதிகமாக ஏறும். வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால், கட்டுப்பாடு இல்லாமல் கிடக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 34 சென்டிமீட்டர் நீளும். அதை நீளவிடாமல் ஸ்லீப்பர் கட்டைகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஜல்லியும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்த விசை முழுவதும் உள்ளே அழுத்தமாக நிற்கிறது. ஜல்லி குறைந்தோ மண் அடைத்தோ பிடிமானம் போனால், தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்துவிடும். மார்கழிக் குளிரில் இதற்கு நேரெதிர். இரும்பு சுருங்கப் பார்க்கும், முடியாமல் இழுபடும், வெல்டிங் பலவீனமாக இருக்கிற இடத்தில் விரிசல் விடும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ‘தண்டவாளத்தில் விரிசல், ரயில்கள் தாமதம்’ என்று செய்தி வருவது இதனால்தான்.

இந்த விரிசலைப் பெரிதாகும் முன்பே பிடிக்க, அல்ட்ராசவுண்ட் கருவியைத் தண்டவாளத்தின் மேல் உருட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே தத்துவம். இதற்கு மேல், தினமும் தன் எல்லைக்குள் தடத்தோரம் நடந்தே போய்ப் பார்க்கும் கீமேன் என்ற ஊழியர் இருக்கிறார். கழன்ற கிளிப்பை அடித்து இறுக்குவார், விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். குடியாத்தம் ஸ்டேஷனில் காத்திருக்கும்போது, தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக ஒருவர் நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நம் பயணத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஆள் அவர்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது மேலே ஓடும் மின்கம்பி. ரயில் கூரையின் மேல் மடிப்புக் கம்பிச் சட்டம் ஒன்று (பென்டோகிராஃப் என்பார்கள்) அந்தச் செம்புக் கம்பியை உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு ரயிலும் கம்பியைக் கொஞ்சம் தேய்க்கிறது. நாளெல்லாம் சில நிமிடத்துக்கு ஒரு ரயில் போகிற சென்னைத் தடத்தில் தேய்மானம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே கடல் காற்றின் உப்பு, ஒடிந்து விழும் மரக்கிளை, காத்தாடி நூல், காக்கா கூடு. ஒரே ஒரு இடத்தில் கம்பி அறுந்தால் பின்னால் வரும் ரயில்கள் அத்தனையும் வரிசையாக நிற்கும்.

சிக்னலும் பாயின்டும் மூன்றாவது. ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் அமைப்புதான் பாயின்ட். தடத்தில் ரயில் நிற்கிறதா இல்லையா என்பதை மின்சாரம் மூலமாகவே சிக்னல் தெரிந்துகொள்கிறது. மழைத் தண்ணீர் தேங்கினால் இந்தக் கணக்கு குழம்பும். குழம்பினால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். எரிச்சலாக இருந்தாலும் நமக்கு அது நல்லது.

பறக்கும் ரயிலில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகும் மேம்பாலப் பாதை அது. நிலையங்களை மிகப் பெரிதாகக் கட்டினார்கள், அந்த அளவுக்குக் கடைகளோ கூட்டமோ வரவில்லை. ஆளில்லாத மாடிகள், ஓடாத நகரும் படிக்கட்டுகள், ஒழுகும் கூரைகள் பற்றிப் பல வருடமாகப் புகார் உண்டு. ரயில் சரியான நேரத்துக்கு வந்தாலும், மூட்டு வலி உள்ள ஒருவரால் பிளாட்பாரத்துக்கு ஏற முடியவில்லை என்றால் அவருக்கு அந்த ரயில் இருந்தும் இல்லாததுதான்.

பிளாக் என்பது எவ்வளவு நேரம்?

பராமரிப்புக்காகக் குறிப்பிட்ட தடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு ரயிலை நிறுத்துவதுதான் ‘லைன் பிளாக்’. மின்சாரத்தையும் நிறுத்தினால் அதற்கு ‘பவர் பிளாக்’ என்று பெயர். சென்னையில் மின்சார ரயில் ஏறக்குறைய நள்ளிரவு வரை ஓடி, விடியற்காலை நான்கு மணி வாக்கில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் கிடைப்பது சில மணி நேரம்தான். சரி, மூன்று மணி நேர பிளாக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கடைசி ரயில் போய்விட்டதை உறுதி செய்து, மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, ஆட்களும் இயந்திரமும் இடத்துக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். வேலை முடிந்ததும் சாமான்களைத் தடத்திலிருந்து எடுத்து, சோதித்து, மின்சாரம் கொடுக்கவும் நேரம் வேண்டும். கையில் உண்மையான வேலைக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம். இதற்குள் முடியாத வேலைகளுக்குத்தான் பகலிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரயில்களைக் குறைக்கிறார்கள்.

நம் பக்கமும் இது நடக்கிறது. ஜோலார்பேட்டை – காட்பாடி – அரக்கோணம் தடத்தில் வேலை நடக்கும்போது மெமு ரயில் பாதி வழியில் நிறுத்தப்படுவதை அனுபவித்திருப்பீர்கள். குடியாத்தம் நிலையமும் சென்னைப் புறநகர் ரயிலும் ஒரே நிர்வாகத்தின் கீழ்தான் வருகின்றன, தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம்.

மும்பைக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். 1925இல் மின்சார ரயில் தொடங்கிய ஊர் அது. அங்கே ஞாயிறுதோறும் ‘மெகா பிளாக்’ உண்டு. எந்தத் தடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்களாம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நியூயார்க் சுரங்க ரயிலில் சில சிக்னல் கருவிகள் 1930களைச் சேர்ந்தவை. தாமதமும் தடம்புரள்வும் சேர்ந்து 2017 ஜூனில் மாநில ஆளுநர் அவசர நிலையே அறிவிக்க வேண்டி வந்தது. வாஷிங்டனில் 2016 மார்ச்சில் சுரங்கப்பாதையில் மின்கேபிள் தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 16ஆம் தேதி, மெட்ரோவை ஒரு முழு நாள் மூடிவிட்டு கேபிள்களைச் சோதித்தார்கள். 26 இடங்களில் பழுது இருந்தது. அப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம், தடம் தடமாக மூடி வேலை பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூட மனசில்லாமல் விட்டதை மொத்தமாக மூட வேண்டியதாகிவிட்டது.

ஒரு கம்பியிலிருந்து…

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 ஜூலை 24 காலை சென்னையில் நடந்ததைப் பாருங்கள். கோடம்பாக்கம் – மாம்பலம் இடையே மேல்மின்கம்பியில் கோளாறு. வேலைக்குப் போகிற நேரம். ரயில்கள் தாமதமாகின, பிளாட்பாரங்களில் கூட்டம் சேர்ந்தது. கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் மின்சார ரயிலை விரைவு ரயில் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே இடமில்லாமல் பலர் படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தத் தடத்தை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. வழக்கமான தடத்தில் போயிருந்தால் அந்தச் சுவர் குறுக்கே வந்திருக்காது. தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். குறைந்தது நான்கு பேர் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

கம்பியில் வந்த கோளாறு நேரடியாக யாரையும் கொல்லவில்லை. அது தாமதமாக மாறியது, தாமதம் கூட்டமாக மாறியது, கூட்டம் படிக்கட்டுக்கு வந்தது. பழைய அமைப்புகளில் ‘நம்பகத்தன்மை’ என்று அதிகாரிகள் பேசும்போது அது ஏதோ நேர அட்டவணை விஷயம் போல நமக்குத் தோன்றும். நேரம் தவறுகிற ரயிலில்தான் ஆட்கள் தொங்குகிறார்கள் என்பதை நாம் யோசிப்பதில்லை.

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – செங்கல்பட்டு இடையே தானாக மூடும் கதவுகளுடன் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. அதில் படியில் தொங்க முடியாது. மற்ற ரயில்களில் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

பறக்கும் ரயில் கை மாறுகிறது

பறக்கும் ரயிலை மாநில அரசிடம், சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைப்பதற்கு ரயில்வே வாரியம் 2025இல் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே கையில் வந்தால் நிலையங்களின் சுத்தம், லிஃப்ட், நகரும் படிக்கட்டு, பேருந்து இணைப்பு எல்லாம் சீராகும் என்பது எதிர்பார்ப்பு. முப்பது வயதுப் பாதையை வாங்கும்போது அதன் பழுதுகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சீரமைப்புக்காக மறுபடியும் சில பகுதிகள் சில காலம் நிறுத்தப்படலாம். அப்போதும் பூங்கா நகரில் இறங்கி யாராவது திகைத்து நிற்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

சென்னையில் அவசரக் காரியம் இருந்தால், முந்தின நாள் இரவே பிளாக் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டத்தின் சமூக வலைதளப் பக்கங்களில் போடுகிறார்கள், நாளிதழ்களிலும் வரும். ஞாயிறு என்றால் கட்டாயம் பாருங்கள்.

மாற்று வழியும் மனதில் இருக்கட்டும். சென்ட்ரலில் இறங்கினால் அதன் எதிரிலேயே மெட்ரோ நிலையம். அங்கிருந்து எழும்பூர், கோயம்பேடு, கிண்டி, ஆலந்தூர், விமான நிலையம் எல்லாவற்றுக்கும் மெட்ரோ போகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். ரயில் பாதியில் நின்றாலும் பேருந்துக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. போனில் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் முதல் நாளே போட்டுக் கொடுத்துவிடலாம். நான் செய்யத் தவறியது அதுதான்.

பழுதடைந்த விளக்கு, ஓடாத லிஃப்ட், அசுத்தம், தாமதம் எதுவானாலும் 139 என்ற எண்ணில் சொல்லலாம், தமிழிலும் பேசலாம். ‘ரயில் மதத்’ செயலியிலும் இணையதளத்திலும் புகைப்படத்துடன் பதியலாம். முன்பதிவில்லாத டிக்கெட் என்றால் அதில் அச்சாகியிருக்கும் எண் கேட்பார்கள், எனவே டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரயில்வே மத்திய அரசின் துறை. ஆகவே முதல்வரின் உதவி மைய எண் 1100இல் ரயில் புகாரைச் சொன்னால் நேரடித் தீர்வு கிடைக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள சாலை, தெருவிளக்கு, பேருந்து வசதி பற்றியென்றால் 1100 சரியான இடம். குடியாத்தம் ஸ்டேஷன் ஊருக்குத் தள்ளி இருப்பதால் இந்த இரண்டாவது வகைப் புகார்தான் நமக்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

டிக்கெட்டை வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவது ரயில்வே சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய அசம்பாவிதமாகக் கருதப்படுகிறது. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். விழுந்தவர் டிக்கெட்டுடன் பயணித்தவர் என்று காட்டுவது அந்த வழக்கில் முக்கியமான விஷயம்.

நீங்கள் தினமும் ஏறும் ஸ்டேஷனில் ஒரு பழுது மாதக் கணக்கில் அப்படியே கிடக்கிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் சென்னைக் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். ‘ஏன் சரி செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது, மாற்றுவதற்கு எந்தத் தேதியில் உத்தரவு போடப்பட்டது, அந்த உத்தரவின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம். ஏற்கெனவே 139இல் புகார் கொடுத்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.